அறுபது வயதில் நீந்தப் பழகிய மாமா

நாற்பத்தொரு வயதில் கழுத்தில் மாணவர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கொழும்புக் காலி வீதியில் நடக்கிற சந்தோஷம் இருக்கிறதே, ஐயோ, அதை என்னவென்று சொல்ல! கல்லூரி இருப்பது பம்பலப்பிட்டியில். அட்டையை அங்கே வாசலில் காவலாளிக்குக் காட்டினால் போதும். நானோ வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டிலேயே அதைப் போட்டுவிடுவேன். மரக்கறிக் கடைக்காரர் பார்க்க வேண்டும். சாரிக்கடை வாசலில் நிற்கிற பிள்ளைகள் பார்க்க வேண்டும். பஸ் கொண்டக்டர்கூடப் பார்க்க வேண்டும். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, "மிஸ், இஸ்ஸரஹட்ட யன்ன" என்று சிங்களத்தில் என்னை முன்னுக்குப் போகச் சொன்னார். ரீச்சர் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் ஸ்டூடன்ட்" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

பதினான்கு வருடமாக நான் வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவள். டொக்டர்மாரின் கையெழுத்தை வாசிக்கத் தெரியும். எந்தக் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன்னம் போடவேண்டும், எதைப் பின்னம் போடவேண்டும் என்பது தெரியும். ஆனால் "இந்தச் சீனி வருத்தத்துக்கு நான் என்னத்தைப் பிள்ளை சாப்பிடுறது?" என்று யாராவது கேட்டால், "டொக்டரைக் கேளுங்கோ" என்று சொல்லித்தான் அனுப்ப வேண்டும். அது எனக்குப் பிடிக்கவில்லை. பதில் சொல்கிற ஆளாக வேண்டும் என்று போசாக்கியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தேன். பட்டம் கொடுப்பது கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகம், படிப்பு பம்பலப்பிட்டியில். அவர்களுடைய கணக்கில் நாங்கள் எல்லோருமே வெளிநாட்டார் என்பதால், என் படிவத்திலும் "சர்வதேச மாணவர்" என்று போட்டிருந்தது. "நூறாம் நம்பர் பஸ்ஸிலை போற சர்வதேச மாணவி" என்று இவர், அதாவது என் கணவர், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். அட்டை என் கழுத்தில்தானே இருக்கிறது.

ஒரே ஒரு முட்டுக்கட்டை இங்கிலீஷ். நான் படித்ததெல்லாம் தமிழில். பட்டப்படிப்பு வகுப்புக்குள் நுழைய முதல், சர்வதேச மாணவர்கள் எல்லோரும் ஒரு பருவம் முழுக்க ஆங்கிலம் மட்டும் படிக்க வேண்டும். கடைசியில் ஒரு கட்டுரைச் சோதனை. தேறினால் அடுத்த பருவத்திலிருந்து பட்டப்படிப்பு, தேறாவிட்டால் இடம் பறிபோகும். பதினான்கு வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு நினைத்திருந்த ஒன்று அந்த ஒரு பேப்பரில் தொங்கியது.

வகுப்பில் பதினொரு பேர். எங்களுக்குப் படிப்பித்த மிஸ் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், சிரித்துக்கொண்டே குட்டுகிற ஆள். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி வந்தான். துறைமுகத்தில் கிளாக் வேலை, கத்தோலிக்கப் பிள்ளை, வாய் சும்மா இராது. எனக்குப் பக்கத்துக் கதிரையில் மாலைதீவிலிருந்து வந்த இருபது வயதுப் பிள்ளை. பாமன்கடையில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தாள். முதல் நாளே என்னை "ஆன்ட்டி" என்றாள். நான் முறைத்த முறையில் பயந்துபோனாள். "அக்கா என்று கூப்பிடு" என்று சொல்லிக்கொடுத்தேன். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான். மற்றதெல்லாம் எங்களுக்குள் இங்கிலீஷ். இங்கே தமிழில் எழுதும்போது திருத்தமாகத் தெரிகிறது, உண்மையில் இரண்டு பேருடையதும் நொண்டி இங்கிலீஷ்.

அவளுக்கு நான் இடியப்பம் கட்டிக்கொண்டு போனேன். எங்கள் சம்பலில் போடுகிற மாசிக் கருவாடு அவளுடைய ஊர்ப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று அவள் சொன்னபோது, என்னவோ அவளே எங்கள் வீட்டுக் குசினிக்குள் பிறந்த மாதிரி எனக்குச் சொந்தமும் உரித்தும் வந்துவிட்டது. உரித்து வந்தால் வெள்ளவத்தைப் பொம்பிளைகள் என்ன செய்வோம்? சாப்பாடு கொடுப்போம். பிறகு ரியூஷனுக்குக் கூட்டிக்கொண்டு போவோம்.

ஆம், ரியூஷன். சோதனை என்று ஒன்று இருந்தால் அதற்கு ரியூஷன் இருக்கவேண்டும், இதில் எங்களுக்குச் சந்தேகமே கிடையாது. கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில், மாடி வீட்டின் மேல் மண்டபத்தில், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு வாத்தியார், நாங்கள் 'சேர்' என்போம், இங்கிலீஷ் கட்டுரை படிப்பிக்கிறார். வாங்குப் பலகைகள் நிறையச் சனம். கொட்டாஞ்சேனைத் தம்பியும் அங்கேதான் வருகிறான் என்று அறிந்ததும் எனக்கு இன்னும் தைரியம். மாலைதீவுப் பிள்ளைக்கு விருப்பமில்லை. "மிஸ் சொல்லித்தாறது போதும் அக்கா" என்றாள். "மிஸ் சொல்லித்தாறது விளங்கிறதுக்கு. இது பாஸ் பண்ணுறதுக்கு" என்று நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

சேர் ஒரு கட்டுரையைப் போர்ட்டில் எழுதுவார். அதற்குப் பெயர் மொடல். எல்லோரும் கொப்பியில் இறக்கவேண்டும், அடுத்த சனிக்கிழமை பார்க்காமல் ஒப்புவிக்க வேண்டும். அந்தப் பருவத்தின் மொடலில் ஒரு மாமா இருந்தார். அவருக்கு அறுபது வயது வரைக்கும் நீந்தத் தெரியாது. தண்ணீர் என்றால் பயம். அறுபதாவது பிறந்தநாளில், கொட்டுகிற மழையில், கடலில் இறங்கி நீந்தப் பழகினார். அதைப் பார்த்து நான் துணிவைக் கற்றுக்கொண்டேன். கடைசி வரி, வயது என்பது நாமே கட்டிக்கொண்ட மதில். "இந்த மாமாவை வைச்சிருந்தால் காணும்" என்றார் சேர். "குடும்பம் எண்டு வந்தாலும் அடிக்கலாம், துணிவு எண்டு வந்தாலும் அடிக்கலாம், மழை எண்டு வந்தாலும் அடிக்கலாம்."

மாலைதீவுப் பிள்ளை என் காதுக்குள், "ஆனால் அக்கா, எனக்கு இப்படி ஒரு மாமா இல்லையே?" என்று கேட்டாள்.

"எனக்கு மட்டும் இருக்கோ? எழுதம்மா" என்றேன்.

அந்த மாமாவை நான் பாடமாக்கிய விதத்தைக் கேட்கவேண்டும். குளிசை எண்ணும்போது மாமா, பஸ்ஸில் மாமா, சோறு வடிக்கும்போது மாமா. ஒருநாள் காய்ச்சல் மருந்து வாங்க வந்த ஐயா ஒருவரிடம், "சாப்பிட்ட பிறகு ரெண்டு" என்று சொல்வதற்குப் பதிலாக மழையில் கடலில் இறங்குகிற வசனத்தை ஆரம்பித்துவிட்டேன். அவர் பயந்துபோய்ச் சீட்டைத் திருப்பி வாங்கிப் பார்த்தார்.

சோதனை நாள். பேப்பரைத் திருப்புகிறேன், கேள்வி என்ன தெரியுமா? "உங்கள் குடும்பத்தில் ஒருவரிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்ட ஒன்று." அடி சக்கை! பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அதேதான். பேனையை வைத்தது தெரியும், எடுத்தது தெரியும், இடையில் மூன்று பக்கம் ஓடிவிட்டது. வெளியே வந்து மூன்று பேரும் கட்டிப்பிடிக்காத குறை. எதிர்ப்பக்கக் கடையில் வடையும் பிளேன்ரீயும் வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து இவரிடம், "இனி என்னைப் பட்டதாரி எண்டே கூப்பிடுங்கோ" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை மிஸ் எங்கள் மூன்று பேரை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று சீலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு போனவள் நான். மேசையில் மூன்று பேப்பர்களும் பக்கத்துப் பக்கமாக இருந்தன. மூன்றிலும் ஒரே வரிகளுக்குக் கீழே சிவப்புக் கோடு.

"உங்கள் மூன்று பேருக்கும் ஒரே மாமாவா?" என்று மிஸ் கேட்டார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

கொட்டாஞ்சேனைத் தம்பி, "தூரத்துச் சொந்தமாக இருக்கும் மிஸ்" என்றான். நான் அவன் காலை மிதித்தேன்.

மிஸ் மாலைதீவுப் பிள்ளையைப் பார்த்தார். "உங்களுடைய தீவை ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு நடக்க எவ்வளவு நேரம் வேண்டும்?"

"பத்து நிமிஷம் மிஸ்."

"அந்தத் தீவில் அறுபது வயது வரைக்கும் நீந்தத் தெரியாத ஒருவர் இருக்கிறாரா?"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லை மிஸ். என் அப்பா படகு ஓட்டுகிறவர். எனக்கு நாலு வயதிலேயே நீந்தத் தெரியும்."

"எனக்கு நம்ப முடியாமல் போனது இதுதான்" என்றார் மிஸ். "இதற்குப் பிறகுதான் மற்றப் பேப்பர்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்."

கொப்பி அடிப்பது பெரிய குற்றம், சாதாரணமாகத் தோற்பது மாதிரி இல்லை, புதன்கிழமை விசாரணைக் குழுவுக்கு முன்னால் வந்து காரணம் சொல்லவேண்டும், காரணம் சரியில்லை என்றால் மூன்று பேரின் இடமும் இரத்து. இதைச் சொல்லிவிட்டு மிஸ் கதவைத் திறந்துவிட்டார்.

வெளியே வந்ததும் மாலைதீவுப் பிள்ளை சுவரோடு சாய்ந்து அழத் தொடங்கினாள். எனக்கு இடம் போனால் கவுண்டர் இருக்கிறது. தம்பிக்குத் துறைமுகம் இருக்கிறது. அவளுடைய விசா அந்த இடத்தோடு கட்டியிருந்தது. இடம் போனால் அவள் ஊருக்குத் திரும்பவேண்டும், படகு ஓட்டுகிற தகப்பனுக்கு முன்னால் போய், கள்ளம் செய்து பிடிபட்டேன் என்று நிற்கவேண்டும். அவளோ ரியூஷனுக்கே வரமாட்டேன் என்றவள். கையைப் பிடித்து இழுத்தது யார்? குரங்கு தான் கெட்டதுமில்லாமல் வனத்தையும் கெடுத்ததாம். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. அட்டையைக் கழற்றி ஹேண்ட்பாக்குக்குள் போட்டேன்.

வெட்கம் வந்தால் எனக்கு அடுத்ததாக வருவது கோபம். பஸ்ஸால் இறங்கி நேரே அந்த மாடி வீட்டுக்கு ஏறினேன். சேர் வேறொரு வகுப்புக்கு மொடல் எழுதிக்கொண்டு நின்றார்.

"என்ன சேர் இது? மூண்டு பேருக்கும் ஒரே மாமாவைத் தந்து எங்களை அறுத்துப் போட்டியளே!"

அவர் அசையவில்லை. "நீங்கள் மூண்டு பேரும் ஒரே கொலிஜ் எண்டு நான் கண்டனானே? ஒராள் மாமாவை அத்தையா மாத்தியிருக்கலாம், மற்றாள் கடலைக் குளமா மாத்தியிருக்கலாம். அந்த மூளையும் நானோ தரவேணும்?"

படி இறங்கும்போதுதான் உறைத்தது, அவர் எங்களுக்கு ஒளித்து ஒன்றும் செய்யவில்லை. பாடமாக்கினவள் நான். பெருமைப்பட்டவளும் நான்.

வீட்டில் இவர் முழுக்கதையையும் கேட்டார். சிரிப்பார் என்று நினைத்துச் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் சிரிக்கவில்லை. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது எண்டு சும்மாவே சொன்னவை?" என்று மட்டும் சொன்னார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பரை எடுத்தார். இவருக்குக் காப்புறுதிக் கம்பனியில் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிற வேலை. "நான் ஒரு பேச்சு எழுதித் தாறன். அதை அப்படியே அவைக்கு முன்னாலை சொல்லும்."

சொல்லும் என்றால் என்ன அர்த்தம்? பாடமாக்கும் என்றுதான் அர்த்தம். எங்கள் இரண்டு பேருக்குமே அதில் ஒரு பிழையும் தெரியவில்லை! திங்கட்கிழமை பின்னேரமும் செவ்வாய் முழுக்கவும் அதைப் பாடமாக்கினேன்.

புதன்கிழமை. விசாரணை அறைக்கு வெளியே மூன்று கதிரைகள். கொட்டாஞ்சேனைத் தம்பி கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்துவிட்டு வந்திருந்தான். "அக்கா, உங்களுக்கும் சேர்த்துத்தான் வைச்சனான். மெழுகுதிரி மூண்டு" என்றான். மாலைதீவுப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று முகத்தைப் பார்க்கவே தெரிந்தது. வயதில் மூத்தவள் என்று முதலில் என்னைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மிஸ், அவருக்குப் பக்கத்தில் துறைத் தலைவர், சுவரில் பெரிய திரை. திரையில் கடல் கடந்த பல்கலைக்கழகத்து அம்மா ஒருவர், நரைத்த தலை, கையில் தேத்தண்ணிக் கோப்பை. நான் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று தொடங்கினேன்.

"கனம் பொருந்திய குழுவினரே, கீழே ஒப்பமிடும் நான் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவன்புடன் கொண்டுவருவது யாதெனில்..."

திரையிலிருந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "மன்னிக்கவேண்டும். இதையும் பாடமாக்கிக்கொண்டு வந்தீர்களா?"

மிஸ் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். கீழே ஒப்பமிடுகிறேன் என்று சொன்னேனே, ஒப்பமிடுவதற்கு எனக்கு முன்னால் ஒரு கடதாசிகூட இல்லை. அடுத்த வசனத்தைத் தேடினேன். ஒன்றுமே இல்லை, துடைத்துப் போட்ட மாதிரிப் போய்விட்டது. கதவுக்கு வெளியே சாப்பிடாமல் இருக்கிற பிள்ளையின் முகம்தான் வந்தது. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"ஓம் மேடம். பாடமாக்கினதுதான். நான் எல்லாத்தையும் பாடமாக்கிறவள்" என்றேன். "பதினாலு வருஷமா மருந்துக்கடையிலை வேலை. அங்கே நான் சொந்தமா ஒன்றும் சொல்லக்கூடாது. டொக்டர் ரெண்டு குளிசை என்றால் ரெண்டு. நான் யோசித்து மூண்டு என்றால் ஆள் செத்துப்போகும். அதனாலை வேறை ஆள் எழுதினதைப் பிழையில்லாமல் திருப்பிச் சொல்லுறதுதான் நல்ல வேலை என்று நினைச்சனான். எங்கட பக்கம் எல்லாரும் அப்படித்தான் படிச்சனாங்கள். களவு என்று நினைச்சுச் செய்யேல்லை. இரவல் மாமா என்றுகூட நினைக்கேல்லை. பாடமாக்கின பிறகு அவர் என்ரை சொந்த மாமா மாதிரியே ஆகிட்டார்."

இலக்கணம் எல்லாம் நாலு பக்கமும் சிதறிக்கொண்டு போனது எனக்கே தெரிந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை. இங்கிலீஷ், நான் கூப்பிடாமலே, என் வாயால் வந்துகொண்டிருந்தது!

"மற்றது அந்த மாலைதீவுப் பிள்ளை. அவ ரியூஷனுக்கு வரமாட்டன் என்றவ. தனக்கு அப்படி மாமா இல்லை என்றும் சொன்னவ. நான்தான் எழுதம்மா என்றனான். அவவுக்கு இடம் போனால் விசா போகும். தண்டனை இருந்தால் எனக்குத் தாங்கோ. என்ரை இடத்தை எடுங்கோ. அவவின்ரையை எடுக்கவேண்டாம்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. பதினான்கு வருட ஆசை. ஆனாலும் திருப்பி எடுக்க மனம் வரவில்லை.

துறைத் தலைவர் எதையோ எழுதினார். திரையிலிருந்த அம்மா முன்னுக்குச் சரிந்து, "உங்களுக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டார்.

"இல்லை மேடம். கடலுக்கும் எங்கட வீட்டுக்கும் நாலு நிமிஷம். ஆனால் கால் நனைக்கிறதோடை சரி. தண்ணீர் என்றால் பயம்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். மிஸ்ஸும் சிரித்தார், இரண்டு நாளைக்குப் பிறகு. "இதைத்தான் முதல் பேப்பரிலேயே எழுதியிருக்கவேண்டும்" என்றார் மிஸ்.

மூன்று பேரையும் விசாரித்து முடித்து, பிறகு ஒன்றாக உள்ளே கூப்பிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்கள். பழைய பேப்பர் கிழித்தாகிவிட்டது. நாளைக்குப் புதுத் தலைப்பில் இரண்டு மணித்தியாலம். தலைப்பு என்னவென்று இப்போது சொல்லமாட்டார்கள். திங்கள் பட்டப்படிப்பு தொடங்குவதால் சனிக்கிழமைக்குள் முடிவு மின்னஞ்சலில் வரும். இதில் தோற்றால் பிறகு பேச்சே இல்லை. ஒரு வாய்ப்பு! வெளியே வந்து மாலைதீவுப் பிள்ளையைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய் இரண்டு ரோல்ஸ் சாப்பிடவைத்தேன். அன்றைக்கு அவள் இழுபட்டு வந்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வியாழக்கிழமை எங்களை மூன்று மூலைகளில் இருத்தினார்கள். தலைப்பு: "நீங்கள் எடுத்த ஒரு பிழையான முடிவு." மிஸ் சும்மா ஆளில்லை!

முதல் பத்து நிமிடம் நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. பேனையைத் தாளில் வைத்தால் அந்த மாமா வந்து நிற்கிறார், மழை, கடல், மதில் எல்லாவற்றோடும். போங்கோ மாமா, போங்கோ என்று மனதுக்குள் கலைத்தேன். பிறகு, ஒரு சனிக்கிழமை காலை, விருப்பமில்லாத ஒரு பிள்ளையை ஒழுங்கையால் இழுத்துக்கொண்டு போனதிலிருந்து தொடங்கினேன். கவுண்டரில் பேசுகிற சின்னச் சின்ன இங்கிலீஷ்தான். மூன்று பக்கம் வரவில்லை, ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. ஆனால் எழுதும்போது ஓர் இடத்தில் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. இவ்வளவு நாளும் இங்கிலீஷில் நான் ஒன்றுமே சொன்னதில்லை என்று அப்போதுதான் விளங்கியது. நேரம் முடிந்துவிட்டது என்று பேப்பரை வாங்கும்போது எனக்குக் கொடுக்க மனமில்லை.

வெளியே வந்ததும் மாலைதீவுப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோபிக்காதீங்கோ அக்கா. அக்காவின் சொல்லைக் கேட்டதுதான் என் பிழையான முடிவு என்று எழுதினேன்."

"நல்லா எழுதினாய். நானும் அதைத்தான் எழுதினன்."

"அதோடு இன்னொன்றும் எழுதினேன். என் அக்காவுக்கு நீந்தத் தெரியாது, நான் அவருக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன் என்று."

"எப்ப சொல்லித் தந்தனீ?"

"இன்னும் இல்லை. கட்டுரைக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது."

"ஐயோ கடவுளே! திரும்பவும் பொய்யோ?" நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

"அதுதான் அக்கா, அவர்கள் திருத்தி முடிக்க முதல் அதை உண்மையாக்க வேணும். சனிக்கிழமை காலமை கடலுக்கு வாங்கோ" என்றாள். இந்த முறை கையைப் பிடித்து இழுத்தது அவள்.

கொட்டாஞ்சேனைத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா தண்ணிக்குள்ளை தாண்டுபோனால் சொல்லுங்கோ, அந்தோனியாருக்கு நாலாவது மெழுகுதிரி" என்றான்.

சனிக்கிழமை ஒன்பது மணி. ஒழுங்கை மாடியில் சேர் போர்ட்டில் மொடல் எழுதிக்கொண்டிருக்கிற நேரம். நாங்கள் கல்கிசைக் கடற்கரையில் நின்றோம். வெள்ளவத்தைக் கடல் கல்லும் பாறையும், அங்கே பழகமுடியாது என்று பிள்ளை ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். இவரும் வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் மணலில் துவாயை விரித்து, அதன்மேல் என்னுடைய ஃபோனையும் பிள்ளையின் ஃபோனையும் வைத்துக்கொண்டு காவல் இருந்தார். நான் பழைய சல்வாரோடு இறங்கினேன். முழங்கால் வரைக்கும் வீரம். இடுப்புக்கு வந்ததும் எனக்குத் தெரிந்த கடவுள்மார் எல்லோரையும் கூப்பிட்டேன்.

"படுங்கோ அக்கா. வானத்தைப் பாருங்கோ. என் கை கீழே இருக்கு."

மல்லாந்து படுத்தேன். இரண்டு கை, சின்னக் கை, என் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தன. அலை வந்து தூக்கியது. "விடாதை பிள்ளை, விடாதை!" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். அவளுக்கு எங்கே விளங்கப்போகிறது? ஆனாலும் அவள் விடவில்லை. அரை மணித்தியாலம் அப்படியே விழுவதும் எழும்புவதும் உப்புத்தண்ணீரைத் துப்புவதுமாகப் போயிற்று.

கரையில் ஃபோன் அடித்தது. இவர் எடுத்துப் பேசினார். பிறகு இரண்டு ஃபோனையும் மாறி மாறித் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து எதையோ வாசித்தார். திடீரென்று எழும்பி, காப்புறுதிக் கம்பனியில் இருபது வருடம் அடக்கமாக இருந்த மனுஷன், சப்பாத்தும் காற்சட்டையுமாகத் தண்ணீருக்குள் ஓடிவந்தார்.

"இஞ்சரப்பா! பாஸ்! ரெண்டு பேரும் பாஸ்! கொட்டாஞ்சேனைத் தம்பியும் பாஸாம்!"

பாஸ் என்ற சொல்லுக்கு எந்தப் பாஷையும் தேவையில்லை. மாலைதீவுப் பிள்ளை கூவிக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் துள்ளினாள். அந்த இரண்டு கையும்தான் என் முதுகுக்குக் கீழே இருந்தவை.

நான் தாழவில்லை. வானம் அப்படியே மேலே இருந்தது. காதுக்குள் கடல் இரைந்தது. என்னைச் சுற்றி ஒருவருடைய கையும் இல்லை.

"பிள்ளை, உன்ரை கை எங்கை?" என்று கேட்டேன்.

அவள் எனக்கு மேலே குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். "பாருங்கோ அக்கா, இப்ப அது பொய் இல்லை" என்றாள்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்து, வாய் நிறைய உப்புத்தண்ணீர் குடித்தேன்.